ஏழாம் நம்பர் டேபிள்

குழந்தையோடு யார் படியேறி வந்தாலும் சின்னதம்பி முதலில் பார்ப்பது குழந்தையின் கையைத்தான். கை வாயில் இருந்தால் பசி. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் தூக்கம். அம்மாவின் தாலிச் சரட்டைக் கொத்தாகப் பிடித்திருந்தால் இடம் புதிது என்று மிரளுகிறது. கொஞ்ச நேரம் கிட்டேயே போகக் கூடாது. கையைப் பார்த்துவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரிதான் தண்ணீர் கொண்டுபோவார்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் இருக்கும் அந்தச் சைவ ஓட்டலில் பதினெட்டு வருஷமாக அவர் சர்வர். வயது முப்பத்தெட்டு. ஓட்டல் கொடுத்த மெரூன் நிறச் சட்டை, அதே நிறத்தில் ஒரு துணித் தொப்பி. தொப்பியைப் புருவம் வரைக்கும் இறக்கிவிட்டிருப்பார். முன்னந்தலையில் முடி போய்விட்டதில் அவருக்கு ஒரு கூச்சம். பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார். காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன்னால், மாடம்பாக்கம் சிவன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துத் தெருவிலேயே நின்று கும்பிடுவார். அப்போது மட்டும் தொப்பி கக்கத்துக்குப் போகும். அந்தத் தலையைச் சாமி ஒருத்தருக்குத்தான் காட்டுவார்.

அவரை ஒரு தரம் கூப்பிட்டால் போதும். எந்த மூலையில் நின்றாலும் திரும்பிவிடுவார். இரண்டாம் தரம் கூப்பிட வைப்பது சாப்பிட வந்தவரை அவமானப்படுத்துவது என்பது அவர் கட்சி. "சின்னதம்பிக்கு முதுகுலயும் ரெண்டு காது கீதுபா" என்று சூப்பர்வைசர் சவுரிமுத்து புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் சொல்லுவார். பாராட்டா கிண்டலா என்று தெரியாது. சின்னதம்பி பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

குழந்தை உட்கார உயரமான நாற்காலி ஓட்டலில் இரண்டு இருக்கின்றன. ஒன்றுக்கு பெல்ட் அறுந்துபோய், சின்னதம்பி தன்னுடைய பழைய லுங்கியைக் கிழித்துக் கட்டிவைத்திருக்கிறார். நாற்காலியை வெந்நீர்த் துணியால் துடைத்துப் போடுவார். சாம்பார்க் கிண்ணம், சூடான காப்பி டபரா எல்லாவற்றையும் குழந்தைக்கு எட்டாத பக்கம் நகர்த்துவார். யாரும் கேட்காமலே ஒரு இட்லி வரும். அதைச் சின்னத் தட்டில் உதிர்த்து, வெந்நீர் தெளித்து, நடு விரலால் மசித்து வைப்பார். "ஓரத்த ஊட்டாதீங்கக்கா, தோல் மாதிரி இருக்கும். நடுவுல இருக்கறதுதான் பஞ்சு" என்பார். கேம்ப் ரோட்டுக் குழந்தைகளை அவர் பேரை வைத்து அடையாளம் சொல்ல மாட்டார். சர்க்கரை இட்லி பாப்பா, நெய்ப் பொங்கல் பையன், அப்பளம் உடைக்கிற அம்மிணி, இப்படித்தான்.

அழுகிற குழந்தைக்கு அவரிடம் ஒரு மருந்து உண்டு. எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஸ்பூனின் காம்பால் இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், இன்னொரு தட்டு. டிங் டிங். டிங். எத்தனை பெரிய அழுகையும் அந்த நிறுத்தத்தில் ஒரு நொடி காது கொடுக்கும். அந்த ஒரு நொடி அவருக்குப் போதும். குழந்தை அவர் தோளுக்கு வந்துவிடும். கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியைக் காட்டப் போய்விடுவார்.

அப்படித்தான் தீபா என்ற பெண்ணின் குழந்தை பிரணவைத் தூக்கிக்கொண்டு போனார். மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீடு. அவளும் கணவன் ஹேமநாத்தும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. குழந்தை பிறந்து எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வெளியே சாப்பிட வந்திருந்தார்கள். நெய் ரோஸ்ட் வந்த நேரம் பார்த்துப் பிரணவ் கத்த ஆரம்பித்தான். நீ பிடி, நான் பிடிக்கிறேன் என்று புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி எழுந்தார்கள்.

"குடுங்கக்கா என்கிட்ட" என்றார் சின்னதம்பி. "ரெண்டு பேரும் ஒக்காந்து சூடா சாப்பிடுங்க. ஆறிட்டா அது ரோஸ்ட் இல்ல, துணி."

தீபா சாப்பிட்டாள். ரோஸ்டின் நுனி உடைகிற சத்தம் கண்ணாடி வரைக்கும் கேட்டது. சின்னதம்பி குழந்தையோடு திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "எட்டு மாசமா எதையுமே சூடா சாப்பிடலண்ணா. ஒரு காப்பிகூட. மைக்ரோவேவ்ல வெச்சு வெச்சு அதுவே மறந்துடும்" என்று சிரித்தாள். பிறகு, "உங்க வொய்ஃப் ரொம்ப லக்கிண்ணா. வீட்ல நீங்களே எல்லாம் பார்த்துப்பீங்க இல்ல?" என்றாள்.

"பாத்துக்கலாம்க்கா" என்றார் சின்னதம்பி, டம்ளரைத் தூக்கிக்கொண்டே. "பாத்துக்கறதுக்கு அவங்க பக்கத்துல இருக்கணுமே."

கல்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடலோரக் குப்பம் அவருடைய ஊர். மீன் பிடிக்கிற குடும்பம். சின்னதம்பி மட்டும் படகில் கால் வைத்தால் வாந்தி எடுப்பார். மூன்று வருஷம் முயன்று பார்த்துவிட்டு, கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தாம்பரத்துக்கு பஸ் ஏறியவர். பெண் கொடுத்த மாமியார் அங்காளம்மா அதே குப்பத்தில் கூடை மீன் விற்கிறவள். ஊரில் யாராவது மருமகனைப் பற்றிக் கேட்டால், "அவன் கடல்ல எறங்க மாட்டான், சாம்பார்ல எறங்கிட்டான்" என்று சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

மனைவி பெயர் வெண்ணிலா. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் மாடம்பாக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தார்கள். ஒன்பது வருஷமும் குழந்தை இல்லை. அந்த ஒன்பது வருஷத்தில் வெண்ணிலா ஒரு நாள்கூட அவருடைய ஓட்டலுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. வா வா என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு முறை கேட் வரைக்கும் வந்தாள். உள்ளே எல்லா மேசையிலும் குழந்தைகள். அப்படியே நின்றாள்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு மாமா அம்மாம் பெரிய டேபிளு? புள்ளையோட வந்து ஒக்காருவேன். அதுவரைக்கும் நீ பார்சல் எட்னு வா, போதும்."

பார்சல் எடுத்துப் போனார். ரோஸ்டை மடித்து வாழை இலையில் வைத்து, காகிதத்தில் சுற்றி, சைக்கிளில் மாடம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் அது தொய்ந்து ஈரத் துணி மாதிரி ஆகிவிடும். "நல்லா கீது மாமா" என்று வெண்ணிலா சாப்பிடுவாள். ஊருக்கெல்லாம் மொறுமொறு என்று ரோஸ்ட் வைக்கிறவன் பெண்டாட்டி ஒன்பது வருஷமாக ஆறின ரோஸ்டைத்தான் சாப்பிடுகிறாள். அந்த நினைப்பு தொண்டையில் மீன் முள் மாதிரி அவருக்கு நின்றுவிட்டது.

கடவுள் கண் திறந்தார். ஆனால் நாலாம் மாதமே டாக்டர், "நடமாட்டம் கூடாது, படுத்தே இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். வெண்ணிலா அம்மா வீட்டுக்குப் போனாள். குடியிருந்த ஓட்டு வீட்டைச் சொந்தக்காரர் இடித்து அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார். சின்னதம்பி ஓட்டல் மாடியில் ஆறு பேர் படுக்கிற அறைக்கு வந்தார். பெண் குழந்தை பிறந்தது. ஓவியா என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் மாதம் அழைத்து வரலாம் என்றால் வீடு கிடைக்கவில்லை. ஐந்தாம் மாதம், வீடு மாறக் கூடாத புரட்டாசியில் வந்து விழுந்தது. இப்போது மாடம்பாக்கத்தில் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி ஒரு வீடு பேசி முடித்தாயிற்று. அதில் இருக்கிறவர்கள் மார்கழி கழித்துத்தான் காலி செய்வார்கள். ஆக, ஒன்பதாம் மாதம். தை பிறந்ததும்.

அதுவரைக்கும் போன்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து கூட்டம் வடிகிற மூன்றரை மணிக்கு, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்று வீடியோ போடுவார். கையில் டம்ளரும் ஸ்பூனும். டிங் டிங். டிங். அந்தப் பக்கம் ஓவியா குப்புறக் கிடந்தபடி தலையைத் தூக்கிப் பார்ப்பாள். பிறகு தவழ்ந்து வந்து, இரண்டு கையாலும் போனைப் பிடித்து, திரையை அப்படியே நக்குவாள்.

"போன் பூரா எச்சி. ஒன் மூஞ்சியே தெரில மாமா" என்று வெண்ணிலா பிடுங்கப் பார்ப்பாள்.

"உடு உடு. நக்கட்டும்" என்பார் சின்னதம்பி. அந்த நேரத்தில் அவருடைய போனில் தெரிவது ஒரு சிவந்த நாக்கும் பல் இல்லாத ஈறும் மட்டும்தான். அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போய்விட்டு வருவார். மடியில் போட்டால் கிடக்கும்; யார் மடி என்று கேட்கத் தெரியாத வயது. ஐப்பசியில் இரண்டு சர்வர் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். ஏழு வாரம் சின்னதம்பிக்கு லீவு இல்லை.

அந்த ஏழு வாரத்தில் ஏழாம் நம்பர் டேபிளை அவர் துடைத்த அளவுக்கு யாரும் எதையும் துடைத்திருக்க மாட்டார்கள். ஜன்னல் ஓரத்து டேபிள் அது. வெளியே பஸ் ஸ்டாப் தெரியும், தண்ணீர் லாரி திரும்புவது தெரியும். சாம்பார் வாளியோடு போகிற யாரும் இடிக்க முடியாத மூலை. வெண்ணிலா சுவர்ப்பக்கம். நாற்காலியில் ஓவியா ஜன்னலைப் பார்த்து. எதிரே அவர். துடைக்கும்போதே மனதுக்குள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பார்ப்பார். குழந்தைக்கு முதல் இட்லி அவர் கையால். வெண்ணிலாவுக்கு ஒரு நெய் ரோஸ்ட், கல்லிலிருந்து எடுத்த கையோடு. பதினெட்டு வருஷத்தில் அந்த ஹாலில் ஒரு நாற்காலியில்கூட அவர் உட்கார்ந்தது கிடையாது. பிள்ளை பெற்ற மற்றவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாதாரணமாகச் செய்துவிட்டுப் போகிற காரியம்தான். அதைத்தான் அவர் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அது கூடி வந்தது. மாடம்பாக்கம் கோயிலில் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதாக வெண்ணிலா வேண்டிக்கொண்டிருந்தாள். காலையில் ஊட்டிவிட்டு, மூன்றரைக்கு ஓட்டலுக்கு வந்து, சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போவதாக ஏற்பாடு.

"ஞாயித்துக்கெழம லீவு கேக்கறியே, மனசாட்சி கீதா ஒனக்கு?" என்றார் சவுரிமுத்து.

"லீவு வேணாண்ணா. ஒரு மணி நேரம்."

சவுரிமுத்து மோவாயைத் தடவினார். அவரும் நாலு பிள்ளை பெற்றவர். "மூணரைலேந்து நாலரை. யூனிபார்ம கழட்டிட்டு கஸ்டமர் மாதிரி ஒக்காரு. யூனிபார்மோட ஒக்காந்தா மொதலாளி கேமராவுல பாத்துட்டு என் கழுத்தப் புடிப்பாரு. நாலரைக்கு டிபன் கூட்டம் ஏறும். அப்ப நீ சர்வரு. புரிதா?"

"புரிதுண்ணா."

அன்று காலை ஒன்பது மணிக்குக் கோயிலில் தாய்மாமன் மடியில் வைத்து ஓவியாவின் நாக்கில் பொங்கல் தடவினார்கள். அந்த ஒன்பது மணிக்கு ஓட்டலில் நிற்க இடமில்லை. சின்னதம்பி சாம்பார் வாளியோடு ஒரு நிமிஷம் மாடம்பாக்கம் பக்கம் திரும்பி நின்றார். உதடு மட்டும் அசைந்தது. மூன்றாம் டேபிளில் "சட்னி!" என்றார்கள். ஒரே தரம்தான். போய்விட்டார்.

மூன்று மணிக்கே மாடிக்குப் போய்க் குளித்தார். தீபாவளிக்கு எடுத்துப் பிரிக்காமல் வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரினார். திருநீறு பட்டையாக. தொப்பி யூனிபார்மோடு ஆணியில் தொங்கியது. கீழே இறங்கி வந்தபோது சமையல்கட்டில் சின்ன ஆரவாரமே எழுந்தது. இட்லி மாஸ்டர் ஞானசௌந்தரி குழந்தைக்கென்றே தனியாக ஒரு ஈடு அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

"மாப்ள மாதிரி கீறண்ணா" என்றாள்.

"போம்மா" என்று சொல்லிவிட்டுத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அங்காளம்மா உள்ளே வரத் தயங்கிப் படியிலேயே நின்றாள். காலையில் இரண்டு தரம் மஞ்சள் தேய்த்துக் குளித்து, கையில் எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். "சைவக் கடைக்குள்ள நான் வந்தா நாறும்டி. நீங்க போங்க, நான் இங்கயே குந்திகினு இருக்கேன்" என்றாள்.

"அத்த, வா நீ. ஒன்னும் நாறல" என்று சின்னதம்பி கையைப் பிடித்து இழுத்தார்.

அவள் உள்ளே வந்ததும் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா மாப்ள, முடியெல்லாம் எங்க? அலை அடிச்சிகினு பூட்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். வெண்ணிலா சிரித்துக்கொண்டே ஏழாம் நம்பர் டேபிளைப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக அவர் சொல்லி மட்டும் கேட்டிருந்த டேபிள். சுவர்ப்பக்கமாகப் போய் உட்கார்ந்து, மேசையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். "இதானா மாமா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

"குடு புள்ளைய" என்று கையை நீட்டினார்.

ஓவியாவின் கை எங்கே இருந்தது என்று அவர் பார்க்கவில்லை. ஊரார் குழந்தைக்கெல்லாம் பார்த்தவர், தன் குழந்தைக்குப் பார்க்க மறந்துபோனார். அது அம்மாவின் சரட்டைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

தூக்கியதும் அவரை ஒரு பார்வை பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அழுகை. உடம்பை வில்லாக வளைத்து, இரண்டு கையையும் வெண்ணிலாவிடம் நீட்டிக்கொண்டு, யாரோ திருடிக்கொண்டு போகிற மாதிரி.

"அப்பாடி... அப்பாதான்..." என்றார். அழுகை ஏறியது. வெண்ணிலா வாங்கிக்கொண்டாள். அடங்கியது. அவர் குனிந்து பார்த்தார். மறுபடி ஏறியது.

"மொகம் தெரியற வயசு மாப்ள. ஏழாம் மாசம் அப்டிதான். புதுசா ஆரப் பாத்தாலும் கத்தும்" என்றாள் அங்காளம்மா.

புதுசா. அந்தச் சொல்லை அவர் வாங்கிக்கொண்டார். கடைசியாகத் தன் மருந்தை எடுத்தார். டம்ளர், ஸ்பூன். டிங் டிங். டிங்.

ஓவியாவின் அழுகை அறுந்தது. கண்ணில் நீர் நிற்க, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடினாள். ஜன்னலைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். கடைசியில் வெள்ளைச் சட்டையையும் எண்ணெய் மின்னுகிற நெற்றியையும் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள்.

"சத்தம் தெரிது. ஆளு தெரில பாரு" என்றாள் அங்காளம்மா. அவள் குரலிலும் இப்போது கிண்டல் இல்லை.

இட்லி வந்தது. மசித்தார். வாயருகே கொண்டு போன கையைக் குழந்தை தட்டிவிட்டது. ரோஸ்ட் வந்தது, கோபுரம் மாதிரி கூம்பாக நிறுத்தி, ஞானசௌந்தரியே எடுத்து வந்து வைத்தாள். வெண்ணிலா எழுந்து நின்று குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். "நீ சாப்புடு, நான் வெச்சிக்கறேன்" என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர் கைக்குத்தான் அது வராதே. கோபுரம் மெல்ல மெல்லச் சாய்ந்தது. ஆவி அடங்கியது. நெய் வெள்ளையாக உறைய ஆரம்பித்தது. பதினெட்டு வருஷ சர்வருக்கு ரோஸ்ட் எந்த நிமிஷத்தில் துணியாகும் என்று தெரியும். அந்த நிமிஷத்தை அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்காளம்மா மட்டும் சாம்பார் வடை இரண்டு சாப்பிட்டாள். "மீனு இல்லாத கொழம்புக்கு இது தேவல" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

நாலு இருபத்தைந்து. கேம்ப் ரோட்டில் பஸ் நின்று ஆட்கள் இறங்கி ஓட்டல் பக்கம் வர ஆரம்பித்தார்கள். சவுரிமுத்து கல்லாப் பக்கம் நின்று இவர்களைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

"டைம் ஆச்சு" என்று எழுந்தார் சின்னதம்பி.

"ஒம்போதாம் மாசம் வந்துடுவோம் இல்ல மாமா" என்றாள் வெண்ணிலா. "கூடவே இருந்தா தெரிஞ்சிக்கும். நீ ஒன்னும் மனசுல வெச்சிக்காத." தொய்ந்த ரோஸ்டில் ஒரு துண்டு பிய்த்து நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டாள். "நல்லா கீது" என்றாள்.

மாடிக்கு ஏறினார். வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டினார். மெரூன் சட்டையை மாட்டிக்கொண்டார். தொப்பியை எடுத்துப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டார். படியில் ஒரு நிமிஷம் நின்று, "உனக்குத் தெரியாததா" என்று சாமியிடம் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை. கீழே வந்து கையைத் தேய்த்துக் கழுவினார். சமையல்கட்டில் ஞானசௌந்தரி கேட்காமலே இன்னொரு ரோஸ்ட் போட்டு வைத்திருந்தாள். "அண்ணிக்கு. கல்லுலேந்து இப்பதான் எடுத்தேன். ஓடுண்ணா" என்றாள்.

அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஹாலுக்குள் வந்தார். கூட்டம் பாதி நிரம்பிவிட்டது. வெண்ணிலா கிளம்புவதற்குப் பையைத் தூக்கித் தோளில் மாட்டியிருந்தாள். குழந்தை இன்னொரு தோளில் விம்மிக்கொண்டு, கை வாயில்.

அந்தக் கை வாயைவிட்டு வெளியே வந்தது.

ஓவியா தலையைத் தூக்கினாள். தொப்பியைப் பார்த்தாள். கால் இரண்டையும் உதைத்தாள். விம்மலுக்கு நடுவே ஒரு சிரிப்பு, தொண்டையிலிருந்து கிளம்பி எச்சிலோடு வழிந்தது. அம்மாவின் தோளிலிருந்து மொத்த உடம்பும் எகிறி அவர் பக்கம் சாய்ந்தது. அவர் அவசரமாகத் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். வந்தவள் இரண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்து, முகத்தை இழுத்து, வாயை ஆவென்று திறந்து, போனை நக்குகிற மாதிரியே அவர் மூக்கை நக்கினாள்.

"மாமா... தொப்பி!" என்றாள் வெண்ணிலா. வாயைப் பொத்திக்கொண்டாள். "போன்ல தெனம் தொப்பியோடதானே பாத்துகினு இருந்தா!"

"அடி என் ஆத்தா" என்றாள் அங்காளம்மா, முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு. "ஓட்டலுக்காரன் பொண்ணுடி இது. யூனிபார்ம் போட்டாத்தான் அப்பனாம்."

சின்னதம்பி உட்காரவில்லை, உட்காரக் கூடாது. நாற்காலியை முழங்காலால் இழுத்துக் குழந்தையை அதில் வைத்து, லுங்கிப் பட்டையைக் கட்டினார். வெண்ணிலாவைப் பார்த்து, "ஒக்காரு. சூடா சாப்புடு. இன்னும் ரெண்டு நிமிஷம்தான் அது ரோஸ்டு" என்றார்.

வெண்ணிலா பையை இறக்கினாள். உட்கார்ந்தாள். நுனியை உடைத்தாள்.

அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது. குனிந்து நின்றபடி இட்லியின் நடுப்பகுதியை எடுத்து, வெந்நீர் தெளித்து, நடு விரலால் மசித்துக் குழந்தையின் வாயருகே கொண்டு போனார். வாய் திறந்தது. உள்ளே போனது. பாதி வெளியே வந்தது. அதை வழித்து மறுபடி உள்ளே வைத்தார்.

"சின்னதம்பி, சாம்பார்!" ஐந்தாம் டேபிள்.

வெண்ணிலா நிமிர்ந்து பார்த்தாள்.

"சின்னதம்பி!" இரண்டாம் தரம். சவுரிமுத்து கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். ஐந்தாம் டேபிளைப் பார்த்தார், ஏழாம் டேபிளைப் பார்த்தார். பிறகு தானே சாம்பார் வாளியை எடுக்கப் போனார்.

"அட சின்னதம்பி!"

சின்னதம்பி இடது கையால் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். வலது கை அடுத்த வாய் இட்லியை மசித்துக்கொண்டிருந்தது.